கடுஞ்சொல் யாருக்கு ஆகும்?

பாட்டென்றால் இனிமை என்றே எண்ணிப் பழகியவர்கள் நாம். ஆட்சியாளரை நோக்கிச் சுட்டுவிரல் நீட்டும் பாட்டு பண்புக்குப் பொருந்துமா? 1977இல் இலண்டன் 'பங்க்' இளைஞர்கள் முடியாட்சியைச் சாடிப் பாடியபோது, பி.பி.சி. வானொலி அப்பாட்டை ஒலிபரப்ப மறுத்தது. நம் மண்ணிலோ தண்டனை கடுமையாயிற்று. மக்கள் கலை இலக்கியக் கழகப் பாடகர் கோவன், அரசு மதுக்கடைகளை மூடச் சொல்லிப் பாடியதற்காக 2015 அக்டோபர் 30 அன்று திருச்சியில் கைது செய்யப்பட்டார். உச்ச நீதிமன்றம் 2022இல் நிறுத்தி வைத்த 124அ என்னும் இராஜதுரோகப் பிரிவு அன்று அவர்மீது சுமத்தப்பட்டது.

தீய சொல்லை உரக்கப் பேசுவதை அல்லாஹ் விரும்புவதில்லை எனக் கூறும் திருமறையின் 4:148ஆம் வசனம், அநீதி இழைக்கப்பட்டவனுக்கு மட்டும் விலக்களிக்கிறது. கவிஞர்களைக் கண்டிக்கும் 26ஆம் அத்தியாயமும், ஈமான் கொண்டு நற்செயல் புரிந்து, அநீதிக்குள்ளான பின் எதிர்த்துரைப்போரை நீக்கியே கண்டிக்கிறது. கவிஞர் ஹஸ்ஸான் (ரலி) அவர்களுக்கு மதீனாப் பள்ளியில் மேடை அமைத்துத் தந்தவர்கள் நம் நாயகம் (ஸல்) அவர்களே.

பாடகர் தாமே பாதிக்கப்பட்டவரா என வினவலாம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 60க்கும் மேற்பட்டோரை மாய்த்தது. உடலில் ஃபார்மிக் அமிலமாக மாறி, பார்வை நரம்பைக் கெடுத்து, உயிரையும் பறிக்கும் நஞ்சு அது. மாண்டவன் பாடுவதில்லை, அவன் மனைவி மக்களுக்கோ மேடை இல்லை. வாயற்றவருக்கு வாயாக நிற்பவனையும் அவ்விலக்குச் சாரும் என்பதே என் துணிபு.

கடைகளை மூடினால் கல்வராயன் மலையில் சாராய ஊறல்கள் பெருகும் என்பர் சிலர். கடைகள் திறந்திருந்த நாளில்தான் கருணாபுரமும் நிகழ்ந்தது. ஆயினும் அவர்கள் வாதம் புறந்தள்ளத் தக்கதன்று. வாதத்திற்கு மறுமொழி வாதமே, விலங்கன்று. பாடகனுக்கும் ஒரு வரம்புண்டு: அவ்விலக்கு உண்மைக்கே உரியது, அவதூறுக்கன்று.

மது ஹராம் என்று நாம் விலகி நிற்கிறோம், நன்று. ஆனால் தீமையைக் கையால் தடுக்கவும், இயலாவிடின் நாவால் தடுக்கவும், அதுவும் இயலாவிடின் உள்ளத்தால் வெறுக்கவும் கற்பித்த மார்க்கம் நம்முடையது. உள்ளத்தால் வெறுத்தல் ஈமானின் மிக நலிந்த நிலையன்றோ! நாவிருந்தும் நாம் அந்தக் கடைசிப் படியிலேயே நின்றுவிட்டோம். கடுஞ்சொல் பாடியவனைக் குறைகூறுமுன், இன்சொல்லாலேனும் நாம் என்ன சொன்னோம் என்று எண்ணிப் பார்ப்போமாக!