தாகம் முதலில், பிறகு?

ஒரே ஆற்றை நம்பி மேட்டில் ஒரு மாநகரமும் கடைமடையில் நெல்வயல்களும் காத்திருக்கும்போது யாருக்கு முதலில் தண்ணீர்? காவிரி வழக்கில் 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் இதற்கு ஒரு விடை சொன்னது. நடுவர் மன்றம் 2007-இல் வகுத்தபடி கர்நாடகம் தமிழ்நாட்டுக்கு விடவேண்டிய 192 டி.எம்.சி., 177.25 ஆகக் குறைந்தது. குறைந்த 14.75-இல் 4.75 டி.எம்.சி. பெங்களூரின் குடிநீருக்கும் வீட்டுத் தேவைக்கும் ஒதுக்கப்பட்டது.

நகரத்தில் மூன்றில் ஒரு பங்கே காவிரிப் படுகைக்குள் இருக்கிறது என்பதால் அந்தப் பங்குக்கு மட்டுமே நடுவர் மன்றம் நீர் கணக்கிட்டிருந்தது. நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அறத்தின்படி இது சரியே. தெருவின் இந்தப் பக்கத்துக் குழந்தைக்குக் குடிநீர் உண்டு, அந்தப் பக்கத்துக் குழந்தைக்கு இல்லை என்று படுகையின் எல்லைக்கோடு தீர்மானிக்கக் கூடாது. தமிழர்கள் இதை மறுப்பதும் கடினம். காவிரிப் படுகையில் இல்லாத சென்னை, 2004 முதல் வீராணம் ஏரி வழியாகக் காவிரி நீரைக் குடித்துவருகிறது.

ஆனால் கடைமடை விவசாயி கேட்பதும் உயிர்வாழும் உரிமையைத்தான். குறுவை காய்ந்தால் நிலமுடையவருக்கு நட்டம். நாற்று நடும் கூலிப் பெண்ணுக்கோ அடுப்பே எரியாது. அவள் விட்டுக்கொடுக்கும் நீர் எதற்குப் போகிறது என்று கேட்க அவளுக்கு உரிமை உண்டு. நகரத்துக்குள் வரும் நீரெல்லாம் தாகத்துக்குப் போவதில்லை. 2024 மார்ச்சில் கடும் தட்டுப்பாடு வந்தபோது, குடிநீரில் கார் கழுவுவதற்கும் தோட்டத்துக்கு ஊற்றுவதற்கும் பெங்களூர் குடிநீர் வாரியம் தடை விதித்து, 5,000 ரூபாய் அபராதம் அறிவித்தது. தாகத்தின் பெயரால் கேட்டு வாங்கிய நீரை இப்படிச் செலவழிப்பது, தட்டுப்பாடு இல்லாத மாதத்திலும் தவறுதான்.

இதைவிடக் கனமான கடமை ஒன்று அந்த ஒதுக்கீட்டுக்குள்ளேயே இருக்கிறது. வீடுகளுக்குப் போகும் குடிநீரில் 20 விழுக்காடே செலவாகிறது, மீதி கழிவாக வெளியேறித் திரும்பவும் நீரோட்டத்தில் சேர்கிறது என்பது வழக்கில் கொள்ளப்பட்ட கணக்கு. ஆகவே, 4.75 டி.எம்.சி. செலவிட அனுமதிப்பது அதைப்போல் ஐந்து மடங்கு நீரை எடுக்க அனுமதிப்பதாகும். எடுத்ததில் பெரும்பகுதி திரும்பிவிடும் என்ற நம்பிக்கையில்தான் இந்த உரிமையே நிற்கிறது.

அது எப்படித் திரும்புகிறது? மேற்குப் பகுதியின் கழிவு விருஷபாவதி, அர்க்காவதி வழியாகக் காவிரியில் கலக்கிறது. கிழக்குப் பகுதியின் கழிவு பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளைத் தாண்டித் தென்பெண்ணையில் இறங்குகிறது. ஓசூருக்கு அருகே கெலவரப்பள்ளி அணையில் வெண்ணுரையாய்ப் பொங்குவது அந்த நீர்தான். நல்ல நீரை ஒரு ஆற்றில் வாங்கி, நஞ்சை இன்னொரு ஆற்றில் விட்டால் அதைத் திருப்பித் தந்ததாகச் சொல்ல முடியாது.

இந்தக் கடமையை வலியுறுத்தினால் சுமை ஏழைகள் தலையில் விழும் என்ற அச்சம் நியாயமானது. குழாய் இணைப்பே இல்லாமல் லாரித் தண்ணீரை விலைக்கு வாங்குவோர் ஏற்கெனவே அதிகம் கொடுக்கிறார்கள். எனவே அளவோடு புழங்கும் வீட்டுக்குக் கட்டணம் குறைவாகவே இருக்கட்டும். சுத்திகரிப்பின் செலவை அதிகம் புழங்கும் அடுக்ககங்களும் அலுவலக வளாகங்களும் ஏற்கட்டும்.

குடிக்கவும் சமைக்கவும் குளிக்கவும் வேண்டிய நீருக்கு எந்த நகரமும் யாரிடமும் காரணம் சொல்ல வேண்டியதில்லை. அதற்கு மேல் கேட்கும் ஒவ்வொரு குடத்துக்கும், முன்பு எடுத்த நீரை எந்த நிலையில் ஆற்றில் விட்டோம் என்று பதில் சொல்லியாக வேண்டும். பெங்களூருக்குச் சொல்லும் இந்த நியாயம், கூவத்தையும் அடையாற்றையும் சாக்கடையாக்கிய சென்னைக்கும் பொருந்தும்.