விடை அருகிலிருக்கும்போது

கல்வி விளையாட்டு என்ற பெயரில் 1980-களிலும் 1990-களிலும் விற்கப்பட்ட கணினி மென்பொருள்களில் பெரும்பாலானவை ஒரு பேரத்தை நம்பி எழுந்தவை. குழந்தை விரும்பாத கணக்கையோ எழுத்துக்கூட்டலையோ, அது விரும்பும் ஓட்டத்துக்கும் துரத்தலுக்கும் இடையே செருகிக் கொடுத்துவிட்டால், விளையாட்டின் சாக்கில் பாடமும் உள்ளே இறங்கிவிடும் என்பதே அந்தப் பேரம். சரியான விடைக்கு நட்சத்திரமும் போதிய நட்சத்திரங்களுக்குப் புதிய காட்சியும் தந்த இத்தகைய மென்பொருளை, வளர்ந்த ஒருவர் முப்பது ஆண்டுகள் கழித்துத் தேடிச் சென்றாலும் அரைமணி நேரத்தில் மூடிவைத்துவிடுவார். பாடம் தெரிந்தவருக்கு அதில் எஞ்சுவது நட்சத்திரம் மட்டுமே. ஆயினும் ஒருசில விளையாட்டுகள் இந்தப் பேரத்துக்கு வெளியே நின்றன. அவற்றை விரும்பியோர், விற்பனை நின்று பல ஆண்டுகளான பின்னர் யாரும் கேளாமலே தம் கைப்பட மீண்டும் உருவாக்கினர். வேறு சிலர் அந்த மறுஆக்கங்களின் முன் இரவுகளைக் கழிக்கின்றனர். 1984-இல் வெளிவந்த ‘ரோபோ ஒடிசி’ அவ்வகையில் தனித்துப் பேசத்தக்கது.

இதனை வெளியிட்ட ‘தி லேர்னிங் கம்பெனி’ 1980-இல் கலிபோர்னியாவில் தோன்றியது. அதன் நிறுவனர்களுள் ஒருவரான வாரன் ராபினெட், அதற்கு முன்பு அடாரி நிறுவனத்துக்காக ‘அட்வென்ச்சர்’ என்ற விளையாட்டை எழுதி, நிரலாளர் பெயரை வெளியிடாத அந்நிறுவனத்தின் வழக்கத்துக்கு மறுமொழியாக அதன் மறைவான அறையொன்றில் தம் பெயரைப் பொறித்து வைத்தவர். அறையிலிருந்து அறைக்குப் பொருள்களைத் தூக்கிச் செல்லும் அந்த அமைப்பையே அவரும் லெஸ்லி கிரிம்மும் 1982-இல் ‘ராக்கிஸ் பூட்ஸ்’ என்ற விளையாட்டுக்குக் கொண்டுவந்து, வாளும் சாவியும் இருந்த இடத்தில் மின்சுற்றின் உறுப்புகளை வைத்தனர். அதன் தொடர்ச்சியாக மைக் வாலஸும் கிரிம்மும் உருவாக்கியதே ரோபோ ஒடிசி. ஆப்பிள் 2 கணினியின் ஐந்தேகால் அங்குல வட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ 140 கிலோபைட் மட்டுமே கொள்ளும் என்பதை நினைத்தால், அந்தச் சிறிய இடத்தில் ஒரு நகரமும் அதற்குள் ஒரு மின்னணு ஆய்வுக்கூடமும் அடங்கியது வியப்புக்குரியது.

கதை எளிது. ஆடுபவர் ‘ரோபோட்ரோபோலிஸ்’ என்ற நிலத்தடி நகரத்தில் விழுந்துவிடுகிறார். சாக்கடையில் தொடங்கிச் சுரங்க ரயில், ஊர், தலைமைக் கணினி மையம் என மேலேறித் தப்ப வேண்டும். உடன் இருப்பவை மூன்று ரோபோக்கள். ஆடுபவர் நுழைய முடியாத அறைகளுக்குள் அவற்றை அனுப்பிப் பொருள்களை எடுத்துவரச் செய்யவேண்டுமானால், முதலில் ரோபோவின் வயிற்றுக்குள் புகுந்து, சுவரைத் தொட்டால் அறிவிக்கும் பம்பர்களையும் நகர்த்தும் உந்திகளையும் கம்பியால் இணைத்து, எந்த நிலையில் என்ன செய்ய வேண்டும் என்பதை முன்கூட்டியே அமைத்துவிட வேண்டும். இணைப்புக்கு இடையில் வைக்கப்படுபவை தர்க்க வாயில்கள், அதாவது வரும் சமிக்ஞைகளைப் பார்த்து ‘உண்டு’ அல்லது ‘இல்லை’ என ஒரே விடை தரும் சிறு உறுப்புகள்: இரண்டும் இருந்தால் மட்டும் ‘உண்டு’ என்பது ஒன்று, ஏதேனும் ஒன்று இருந்தால் போதும் என்பது மற்றொன்று, வந்ததைத் தலைகீழாக்குவது மூன்றாவது. ஜார்ஜ் பூல் 1854-இல் இயற்கணிதமாக எழுதிய இந்தத் தர்க்கம் மின்சுவிட்சுகளுக்கு அப்படியே பொருந்தும் என்பதை 1937-இல் தம் முதுகலை ஆய்வேட்டில் காட்டியவர் கிளாட் ஷானன். இன்றைய ஒவ்வொரு கணினியும் அந்த அடித்தளத்தின் மேலேயே இயங்குகிறது; விளையாட்டு கற்பித்தது பொம்மைப் பாடமன்று.

ஓர் எளிய பணியைக் கொண்டு இதன் இயல்பை விளக்கலாம். ஒரு ரோபோ மேற்சுவருக்கும் கீழ்ச்சுவருக்கும் இடையே ஓயாமல் போய்வர வேண்டும் என்று கொள்வோம். மேல் பம்பரைக் கீழ்நோக்கிச் செலுத்தும் உந்தியோடும், கீழ் பம்பரை மேல்நோக்கிச் செலுத்தும் உந்தியோடும் இணைத்துவிட்டால் போதும் என்றே எவருக்கும் முதலில் தோன்றும். இணைத்துப் பார்த்தால் ரோபோ மேற்சுவரைத் தொட்டு, ஓர் அடி கீழே விலகி, அங்கேயே நின்றுவிடுகிறது. சுவரைத் தொட்டிருக்கும்வரை மட்டுமே பம்பர் பேசும். விலகிய கணத்தில் சமிக்ஞை அறுந்து, சற்றுமுன் எதைத் தொட்டோம் என்பதே ரோபோவுக்கு இல்லாமல் போகிறது. பழுது கம்பியில் இல்லை, ரோபோவுக்கு நினைவு இல்லாமையில் இருக்கிறது என்று உணரும்போதுதான் ஃபிளிப்-ஃபிளாப் எதற்காக இருக்கிறது என்பது விளங்குகிறது. இரண்டு நிலைகளில் ஏதேனும் ஒன்றில் நின்று, மறுபக்கத்திலிருந்து ஒரு தட்டல் வரும்வரை அந்நிலையைக் காத்துக்கொள்ளும் சுற்று அது. எக்கிள்ஸ், ஜோர்டன் என்ற இரு ஆங்கிலேய இயற்பியலாளர்கள் 1918-இல் வெற்றிடக் குழாய்களைக் கொண்டு உருவாக்கியது. அதை நடுவில் வைத்ததும் ரோபோ கடைசியாகத் தொட்ட சுவரை நினைவில் வைத்துக்கொண்டு, அடுத்த சுவர்வரை தளராமல் செல்கிறது. பாடநூலில் ஃபிளிப்-ஃபிளாப் முதலில் வரையறுக்கப்படுகிறது, அதன் பயன் பின்னர் வருகிறது. இங்கோ தேவை முதலில் வந்து, ஆடுபவரை வெகுநேரம் தவிக்கவிட்டு, அதன்பின் கருவியை அடையாளம் காட்டுகிறது. இந்த வரிசைமாற்றமே ரோபோ ஒடிசியின் கல்விமுறை முழுவதும் எனலாம்.

தவிப்பு நீண்டதாகவே இருந்தது. நல்ல தொடக்கப் பயிற்சி உண்டு, சோதித்துப் பார்க்க ஆய்வுக்கூடம் உண்டு, வரைந்த சுற்றைச் சிறு சிப்பாகப் பதித்து ரோபோவுக்குள் பொருத்தும் வசதியும் உண்டு. ஆனால் நகரத்துக்குள் இறங்கிய பின்னர் குறிப்பு இல்லை, மதிப்பெண் இல்லை, ‘நன்று’ என்று சொல்லும் குரலும் இல்லை. வாயில்களைக் கடக்கச் சமிக்ஞைக்குச் சிறிது நேரம் ஆவதால், தாளில் சரியாக இருக்கும் சுற்று களத்தில் ஒரு கணம் பிந்தித் தவறிவிடவும் கூடும். ‘மைண்ட்ஸ்டார்ம்ஸ்’ என்ற நூலில் சீமோர் பேப்பர்ட் 1980-இல் முன்வைத்த கருத்து இங்கு நினைவுகூரத்தக்கது. கணினிக்கு நிரல் எழுதும் குழந்தை பிழையைத் தோல்வியாகக் கொள்ளாமல், எங்கே பிசகியது என்று தேடித் திருத்தும் வேலையாகக் கொள்ளப் பழகுகிறது என்பது அதன் சாரம். கருத்து உயர்ந்ததே, ஆயினும் குழந்தைகளுக்கென விற்கப்பட்ட இந்த விளையாட்டின் பிற்பகுதி நிலைகள் வளர்ந்த பொறியாளர்களையும் திணறடிப்பவை என்பதையும், அன்று அதைத் தொடங்கிய பலர் முடிக்காமலே விட்டனர் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

இனி மறுஆக்கத்துக்கு வரலாம். வழக்கொழிந்த கணினியின் விளையாட்டை இன்று ஆட இரு வழிகள் உள்ளன. பழைய கணினியைப் போலவே நடந்துகொள்ளும் ஒரு மென்பொருளை எழுதி, அதற்குள் பழைய வட்டின் உள்ளடக்கத்தை மாற்றமின்றி ஓடவிடுவது ஒன்று; இதனைப் போலி இயக்கம் எனலாம். பழைய நிரலின் ஒரு வரியையும் எடுத்தாளாமல், விளையாட்டின் நடத்தையை உற்றுநோக்கி, அதே விதிகளைப் புதிய மொழியில் முதலிலிருந்து எழுதுவது மற்றொன்று. ரசிகர் ஒருவர் ஜாவா மொழியில் எழுதிய ‘டிராய்டுகுவெஸ்ட்’ இரண்டாம் வகையைச் சேர்ந்தது. அதில் மூல விளையாட்டின் நிலைகள் எல்லாம் இருக்கின்றன. அவற்றோடு மூலத்தில் இல்லாத மறைவான நிலை ஒன்றும் சேர்க்கப்பட்டுள்ளது. நன்னூல் நூல்களை முதல்நூல், வழிநூல், சார்புநூல் என வகுக்கும்போது, முன்னோர் முடிபோடு ஒத்துச் சென்று, பின்வந்தவர் வேண்டிய வேறுபாடு சிலவற்றையும் சேர்த்துக்கொள்வதை வழிநூல் என்கிறது. அந்த இலக்கணத்துக்கு இதைவிடப் பொருத்தமான மின்னணு எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

போலி இயக்கம் எளிதாகக் கிடைக்கும்போது ஒருவர் ஏன் அனைத்தையும் மீண்டும் எழுத வேண்டும்? இணையத்தில் தீர்வுகள் கிடைக்கும்போது ஆடுபவர் ஏன் சுற்றுகளைத் தாமே வரைந்து தவிக்க வேண்டும்? இவ்விரு கேள்விகளும் உண்மையில் ஒன்றே. விடை கைக்கெட்டும் தொலைவில் இருக்கும்போது வினாவோடு உட்கார்ந்திருப்பதற்கு என்ன பொருள் என்பதே அது. ஒரு விளையாட்டைத் தாண்டி இன்றைய வாழ்க்கை முழுவதையும் அது தொடுகிறது.

பழைய நினைவின் ஏக்கம் என்று இதற்கு விடை கூறுவோர் உண்டு. ஏக்கம் முதல் திரைவரை அழைத்துச் செல்லும் என்பது மெய். தொடக்க ஒலியையும் கட்டங்கட்டமான நிறங்களையும் கண்டதும் அது நிறைவடைந்தும் விடுகிறது. இரண்டாவது கம்பியை எங்கே இணைப்பது என்ற கேள்விக்கு ஏக்கத்தால் பயனில்லை, கவனம் வேண்டும். அதிலும் இத்தகைய மறுஆக்கங்களை ஆடுவோரில் 1984-க்குப் பின் பிறந்தவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஏங்குவதற்குரிய இளமை அதில் இல்லை.

தீர்வைப் பார்த்து வரைபவரிடம் ஒரு சுற்று இருக்கிறது. தாமே கண்டவரிடம் அதே சுற்றும், அதற்கு முன் தோற்ற சுற்றுகள் ஏன் தோற்றன என்பதும் இருக்கின்றன. முன்னவருடைய ரோபோ வேறொரு மூலையில் சிக்கிக்கொண்டால் அவர் மீண்டும் தீர்வு தேடிப் போக வேண்டும். பின்னவரோ முதலில் எந்தக் கம்பியைச் சந்தேகிக்க வேண்டும் என்பதை அறிவார். மறுஆக்கம் செய்தவர் இந்த வரிசையில் இன்னும் ஒரு படி மேலே நிற்கிறார். ஒரு சிப் ரோபோவின் வயிற்றில் இருக்கையில் மின்கலம் தீர்ந்தால் என்ன ஆகும், இரண்டு ரோபோக்கள் ஒரே கணத்தில் ஒலிபரப்பினால் எது கேட்கும் என்பன போன்று, ஆடுபவர் ஒருமுறையும் எண்ணாத நூற்றுக்கணக்கான சிறு முடிவுகளை அவர் ஒவ்வொன்றாக எடுக்க வேண்டியிருந்திருக்கும். கற்பிக்கும் விளையாட்டுக்கு இறுதித் தேர்வு என ஒன்று இருக்குமானால், அதை வென்று முடிப்பதைக் காட்டிலும் மீண்டும் கட்டத் தெரிவதையே தேர்வு எனக் கொள்வது பொருந்தும்.

எனினும் இந்த வாதத்தை எல்லைமீறி நீட்டுவது தவறாகும். மனிதர் எதிர்கொள்ளும் வினாக்களில் மிகப் பலவற்றுக்கு விடையை அப்படியே வாங்கிக்கொள்வதே அறிவுடைமை; ரயில் நேரத்தையும் மருந்தின் அளவையும் தாமே கண்டுபிடிக்க முனைவது மடமை. எந்த வினா விடையால் மட்டும் தீர்ந்துவிடும், எந்த வினா அதைக் கடந்துவந்தவருக்கு ஒரு திறமையை விட்டுச்செல்லும் என்று பிரித்தறிவதே வேண்டுவது. அவற்றிலும் எந்தத் திறமை தமக்கு வேண்டும் என்பதை அவரவரே முடிவுசெய்ய வேண்டும். தாமாக ஏற்ற கடினம் வேறு, பிறர் மேல் சுமத்தும் கடினம் வேறு. தாம் பட்ட பாட்டைக் காட்டி, அடுத்த தலைமுறையும் அப்படியே படவேண்டும் என்று கேட்கும் ரசிகர் மனப்பான்மை எல்லா விளையாட்டிலும் உண்டு; இசைப் பயிற்சியிலும் ஆராய்ச்சித் துறையிலும்கூட உண்டு. அது கல்வியின் பெயரால் நடக்கும் பழிவாங்கல். விளையாட்டை விட்டு எழுந்துபோகும் உரிமை ஆடுபவரிடம் இருக்கும்வரை மட்டுமே அதன் கடினத்துக்கு மதிப்பு உண்டு.

மறுஆக்கங்களுக்கு வேறொரு காரணமும் உண்டு. அது உரிமைகளின் கதை. தி லேர்னிங் கம்பெனியை 1995-இல் சாஃப்ட்கீ நிறுவனம் வாங்கி அந்தப் பெயரையே தன் பெயராக்கிக்கொண்டது. 1999-இல் பொம்மை நிறுவனமான மேட்டல் அதனைப் பெருந்தொகை கொடுத்து வாங்கிக் கடும் நட்டமடைந்து, அடுத்த ஆண்டே கைகழுவியது. பின்னர் அதன் படைப்புகள் ரிவர்டீப் என்ற அயர்லாந்து நிறுவனத்தின் கைக்குப் போயின. இந்தக் கைமாற்றங்களுக்கு இடையில் ரோபோ ஒடிசியைப் பேணுவதை எவரும் தம் கடமையாகக் கொள்ளவில்லை. இது இந்த ஒரு விளையாட்டின் நிலை மட்டுமன்று. அமெரிக்காவில் 2010-க்கு முன் வெளியான விளையாட்டுகளில் 87 விழுக்காடு கடையில் கிடைப்பதில்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. விற்பவர் விட்டுவிட்ட பொருளை ரசிகர்கள் சட்டத்தின் விளிம்பில் நின்று காக்கிறார்கள். நிறுவனத்தின் பெயரில் வெளியான படைப்புக்கு அமெரிக்கச் சட்டம் தரும் 95 ஆண்டுப் பதிப்புரிமையின்படி, 1984-இல் வந்த இவ்விளையாட்டு 2080 தொடக்கத்தில்தான் பொதுவுடைமையாகும். அன்று அதை ஓட்டிப் பார்க்க அக்காலத்துக் கணினி ஏதேனும் எஞ்சியிருக்குமா என்பது ஐயமே. சட்டம் காக்கும் உரிமையைவிட ரசிகர் காக்கும் நிரலே இங்கு பயன் மிக்கது என்று தயக்கமின்றிச் சொல்லலாம்.

ஆர்வமுள்ள வாசகர் இதனை ஆடிப்பார்க்க மின்னணுவியல் முன்னறிவு எதுவும் வேண்டியதில்லை. தொடக்கப் பயிற்சி அறைகளே போதும். வேண்டுகோள் ஒன்றே: சாக்கடை நிலையைக் கடக்கும்வரையேனும் தீர்வுகளைத் திறக்க வேண்டாம், கடந்த பின்னர் திறப்பதும் திறக்காததும் அவரவர் விருப்பம்.