நாவல் மர நிழல்





இளமையில் தாய் தந்தையரின் கைபிடித்துச் சென்ற இடங்களை எவர் மறப்பர்? பள்ளியிற் கற்றவற்றுட் பல மறைந்துபோகும். ஆனால் விடியுமுன் எழுப்பி, எண்ணெய் தேய்த்து நீராட்டி, புத்தாடை உடுத்தி, கட்டுச்சோற்று மூட்டையுடன் அழைத்துச் சென்ற அந்த ஒரு நாள் முதுமை வரையில் உடன் வரும். அந்நினைவைப் பௌத்தர் என்ன செய்வது? பற்றென்று தள்ளுவதா, செல்வமென்று காப்பதா? இதுவே இன்று நாம் சிந்திக்கப் புகும் பொருள்.

திருவனந்தபுரத்துத் தம்பானூரை எண்ணிப் பாருங்கள். கொல்லத்திலிருந்து புறப்பட்ட இருப்புப்பாதை 1918-ல் நகரின் புறத்தே சாக்கை வரையில் வந்து நின்றது. 1931-ல் தம்பானூரை அடைந்தது. நாகர்கோவிற் பக்கத்திலிருந்து ரயில் வந்தது 1979-ல்தான்; அதற்கு முன் அப்பக்கத்துக் குடும்பங்கள் பஸ்ஸில் வந்து இறங்கின. அன்றும் இன்றும், வெளியூர்ச் சிறுவர்க்குத் தலைநகரம் தொடங்குமிடம் தம்பானூரே. அங்கிருந்து 1880-ல் எழுந்த அருங்காட்சிச்சாலைக்கும், அதனை அடுத்த மிருகக்காட்சிசாலைக்கும், மாலையில் சங்குமுகம் கடற்கரைக்கும் செல்வர். திரும்பும் வழியில், லாரி பேக்கர் செங்கல்லால் சுருள் வடிவிற் கட்டிய காப்பி நிலையத்திலே, ஏறிச் சுழன்று செல்லும் தளத்தில் ஓடி விளையாடாத பிள்ளை இல்லை.

இவ்வின்பம் எல்லோர்க்கும் எளிதில் வாய்த்ததன்று. இதே நாட்டில், வெங்ஙானூரில் பிறந்த அய்யன்காளி 1893-ல் வில்வண்டி ஏறிப் பொதுச்சாலையிற் சென்றது ஒரு போராட்டமாக இருந்தது. சாலையில் வண்டியேறிச் செல்வதே குற்றமென்று ஒரு மக்கட்கூட்டம் தடுக்கப்பட்டிருந்தது. திருவிதாங்கூர்க் கோயில்களின் வாயில் அம்மக்களுக்குத் திறந்தது 1936 நவம்பர் 12-ஆம் நாளில். ஆகவே, தந்தை தோளில் அமர்ந்து ஊர் பார்க்கச் சென்ற பிள்ளையின் மகிழ்ச்சிக்குப் பின்னால் முன்னோர் பலரின் கண்ணீர் உண்டு. அதனை அற்பமென்று தள்ளுவது நன்றியன்று.

ஆயினும், நம்மவர் உள்ளத்தில் ஒரு சங்கடம் எழுகின்றது. நம் இளமை நினைவுகளுட் பல பழைய சமயத்தின் திருவிழாக்களோடு பிணைந்தவை. ஆற்றுக்கால் பொங்காலை நாளில் கிழக்கேகோட்டையும் தம்பானூரும் அடுப்புப் புகையால் நிறைகின்றன. அப்புகையினிடையே தன் அன்னையின் முந்தானையைப் பற்றி உட்கார்ந்திருந்த சிறுமி ஒருத்தி, இன்று பஞ்சசீலம் ஏற்ற உபாசிகையாக இருத்தல் கூடும். அந்நாள் வரும்போதெல்லாம் அவள் நெஞ்சு இளகுகின்றது. “நான் இன்னும் பழைய வழியிலேதான் இருக்கின்றேனோ?” என்று அவள் அஞ்சுகின்றாள். அவளுடைய பிள்ளையோ, “அயல்வீட்டார் எல்லோரும் போகின்றனரே, நாம் எங்கே அம்மா போகிறோம்?” என்று கேட்கின்றது. அன்பர்களே, இவ்விரு கேள்விகட்கும் விடை கூறாத இல்லத்திலே தம்மம் ஒரு தலைமுறைக்கு மேல் நில்லாது.

முதற்கேள்விக்கு விடை பகவானுடைய வரலாற்றிலேயே உளது. கௌதமர் வீடு துறந்து ஆறாண்டுகள் உடலை வருத்தினார். உண்ணாமையால் எலும்பும் தோலுமாயினார். மூச்சையும் அடக்கிப் பார்த்தார். ஞானம் கிட்டவில்லை. வேறு வழியுண்டோ என்று சிந்தித்த அவ்வேளையில் அவர்க்கு நினைவு வந்தது யாது? மறைநூலா? ஆசிரியர் ஒருவரின் வாக்கா? தம் சிறுபிராயத்து நாள் ஒன்று! தந்தை சுத்தோதனர் தம் தொழிலில் ஈடுபட்டிருக்க, குளிர்ந்த நாவல் மர நிழலில் தாம் தனியே அமர்ந்து, அமைதியுற்று, முதல் தியானத்தின் இன்பத்தை எய்திய நாள் அது. ஏர்மங்கல விழாவுக்குக் குழந்தையை அழைத்துச் சென்ற நாள் அதுவென்று உரையாசிரியர் விரித்துரைப்பர். “தீமையும் காமமும் கலவாத இவ்வின்பத்துக்கு நான் ஏன் அஞ்சவேண்டும்?” என்னும் எண்ணம் அவர்க்கு அப்போது பிறந்தது. பின்னரே அவர் உணவு கொண்டார். போதியின் வழி திறந்தது. மச்சிம நிகாயத்து மகாசச்சக சூத்திரம் இதனைக் கூறுகின்றது.

ஆகவே தாயே, உன் இளமை நினைவுக்கு அஞ்சாதே! அதனைப் பகுத்துப் பார். அன்று உன்னை மகிழ்வித்தது எது? அன்னை அருகில் இருந்தது. பலர்க்கும் சோறு பங்கிட்டது. எல்லோரும் ஒன்றாய் அமர்ந்தது. இவற்றுள் தீமை யாதும் இல்லை. இவை அன்பும் தானமும் ஆகும். இவற்றை உன்னோடு கொண்டு வா. வரம் வேண்டும் ஆசையையும், வேண்டாவிடில் தீங்கு வருமென்னும் அச்சத்தையும் அங்கேயே விட்டு வா.

இரண்டாங் கேள்விக்கு விடை சிகாலோவாத சூத்திரத்தில் உளது. இராசகிருகத்தில் சிகாலன் என்னும் இளைஞன், ஈர ஆடையும் ஈரக் கூந்தலுமாய், ஆறு திசைகளையும் கைகூப்பி வணங்கினான். காரணம் கேட்ட பகவானிடம், இறக்குந் தறுவாயில் தந்தை இட்ட கட்டளை இது என்றான். பகவான் அவனை எள்ளினாரில்லை. தந்தை சொல்லைக் கைவிடு என்றும் கூறினாரில்லை. கிழக்கு பெற்றோர், தெற்கு ஆசிரியர், மேற்கு மனைவி மக்கள், வடக்கு நண்பர், கீழ்த்திசை பணியாளர், மேல்திசை துறவோர் எனப் பொருள் விளக்கி, ஒவ்வொருவர்க்கும் ஆற்றவேண்டிய கடமையே மெய்யான வணக்கம் என்று அருளினார். குடும்ப வழக்கம் நின்றது. அதனுள் அறிவு புகுந்தது. 1898-ல் சென்னையிற் சாக்கிய பௌத்த சங்கம் கண்ட அயோத்திதாசப் பண்டிதரும், தமிழர் பண்டிகைகளை வீசியெறியச் சொல்லவில்லை. அவற்றின் உட்பொருளை வினவுமாறே தூண்டினார்.

எனவே நம் சிறுவர்க்கும் செல்லுமிடம் ஒன்று வேண்டும். ஆண்டுதோறும் மாறாத நாள் ஒன்றும் வேண்டும். வைசாகப் பௌர்ணமியைக் கொள்ளுங்கள். தம்பானூரில் ரயிலேறி, ஆலப்புழைப் பாதையிலே அம்பலப்புழையில் இறங்கிச் சிறிது கிழக்கே சென்றால் கருமாடி என்னும் சிற்றூர். அங்கே இடப்பாகம் சிதைந்த கருங்கற் புத்தர் சிலை ஒன்று தியானத்தில் அமர்ந்திருக்கின்றது. யானை உடைத்ததென்பர் ஊரார். அச்சிலைக்கு அவர்கள் இட்ட பெயர் ‘கருமாடிக்குட்டன்’. குட்டன் என்றால் மலையாளத்தில் செல்லப் பிள்ளை. எவருடைய சிலை என்பதை மறந்த காலத்தும், தம் வீட்டுப் பிள்ளையைப் போலவே அதனை அழைத்து வந்தனர்! பாதி உடைந்தும் அமைதி குலையாத அத்திருமுகத்தை நம் பிள்ளைகள் காணட்டும்.

அவ்வளவு தூரம் செல்ல இயலாதோர் வருந்த வேண்டா. உரை நூல்கள் சுத்தோதனரின் பொற்கலப்பையைப் புகழ்கின்றன. கௌதமர்க்கு நினைவு வந்ததோ மரநிழலே. அருங்காட்சிச்சாலைத் தோட்டத்து மரமொன்றும் போதும். கட்டுச்சோற்றில் ஒரு பங்கை முதலில் பிறர்க்கு ஈயுங்கள். பிள்ளையின் கையாலேயே கொடுக்கச் செய்யுங்கள். பின்னர்ச் சிறிது நேரம் எல்லோரும் வாய்பேசாது, மூச்சைக் கவனித்து அமருங்கள். அதன் பிறகு ஓடி விளையாட விடுங்கள்.

இத்தகைய நாள் ஒன்றேனும் வாய்க்காதவரும் நம்முள் உளர். வறுமையும் கள்ளும் அவர்தம் இளமையைக் கொள்ளை கொண்டன. அவர்கட்கு ஒரு சொல்: நாம் பெறாததை நம் பிள்ளைகட்கு அளித்தல் கூடும். அடுத்த வீட்டில் தந்தையற்ற சிறுவன் இருப்பின் அவனையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். என்றோ ஒரு நாள், துன்பத்தில் வழி தெரியாது நிற்கும் பொழுது, உங்கள் கைபிடித்து வந்த அந்த ஒரு பகலின் அமைதி அவனுக்கு வழிகாட்டலாம். பகவானுக்குக் காட்டியது அன்றோ!

எல்லா உயிர்களும் இன்புறுவனவாக!

சர்வ மங்களம் உண்டாவதாக!