பற்றும் பிரேமையும்

தனக்கென உடைமையாக்கிக்கொள்ள விழையும் பற்றுக்கும், பிறர் நலத்தில் தன்னை மறந்து கரையும் பிரேமைக்கும் பேதம் உண்டா என்ற வினா, வேதாந்திகள் ஏகாந்தத்தில் அமர்ந்து விசாரிப்பதற்கு மட்டும் உரியதன்று. இல்லறத்தில் உழலும் ஒவ்வொருவரும் ஒரு நாள் விடை சொல்லியே தீர வேண்டியது. 1962-ஆம் ஆண்டில் ஸ்ரீதர் இயக்கிய ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ என்னும் திரைப்படம், பெரும்பாலும் ஓர் ஆஸ்பத்திரியின் சுவர்களுக்குள்ளேயே கதையை நிறுத்தி, இவ்வினாவை நம் முன் வைக்கிறது.

புற்றுநோயால் பீடிக்கப்பட்ட கணவன் வேணுவுடன் சீதா வந்து சேருமிடத்தில், சிகிச்சை செய்ய வேண்டிய டாக்டர் முரளியோ அவளை முன்பு காதலித்து இழந்தவன். உண்மையை உணர்ந்த வேணு, நோய்ப்படுக்கையில் கிடந்தபடியே, தனக்குப் பின் அவனை மணந்துகொள்ளுமாறு மனைவியை வேண்டுகிறான். அவ்வார்த்தையைக் கேட்டு அவள் துடிக்கிறாள். முரளியோ, தான் வாளாவிருந்தாலே இழந்தது கைகூடக்கூடும் என்ற நிலையிலும், ஊண் உறக்கம் மறந்து உழைத்து, ரண சிகிச்சையை நிறைவேற்றி, அவள் கணவனைப் பிழைக்க வைத்துவிட்டு, அந்தச் சிரமத்திலேயே தன் உயிரை நீத்துவிடுகிறான்.

இதைத் தோல்வி என்பார் உண்டு. பலனை விரும்பாது கடமை செய்யச் சொன்ன கீதையின் உபதேசம், காதலுக்கும் பொருந்தும் என்பதை அவர் மறந்தனர். துன்பம் காதலைப் புதிதாகப் படைப்பதில்லை. அதில் கலந்திருக்கும் சுயநலத்தை எரித்து, எஞ்சியதைக் காட்டுகிறது. அப்படி எஞ்சுவதே பிரேமை; மற்றவை யாவும் வெறும் பற்றே.