பார்ப்பவர் தாங்குகிறாரா?

திருநின்றவூரில் சிவனடியார் பூசலார் கட்டிய கோயிலை ஊரில் ஒருவரும் பார்க்கவில்லை. காஞ்சியில் கற்கோயில் எழுப்பிக் குடமுழுக்குக்கு நாள் குறித்திருந்த பல்லவ மன்னன் காடவர்கோன் கனவில் இறைவன் தோன்றி, அன்று தாம் பூசலாரின் ஆலயத்தில் புகவிருப்பதால் நாளைத் தள்ளி வைக்கச் சொன்னார். அரசன் தேடி வந்து விசாரித்தான். அப்படியொரு கோயிலே இங்கில்லை என்றார்கள் ஊரார். கோயில் பூசலாரின் மனத்துக்குள் இருந்தது.

அந்தக் கட்டுமானத்தைப் பெரியபுராணத்தில் சேக்கிழார் அக்கறையோடு விவரிக்கிறார். பூசலார் பொருள் தேடுகிறார், தச்சரைச் சேர்க்கிறார், நல்ல நாள் பார்க்கிறார், இரவிலும் உறங்காமல் வேலையை நடத்துகிறார். சிகரம், சுதை வேலை, கிணறு, மதில், குளம் வரை எதுவும் விடுபடவில்லை. மேற்பார்வைக்கு ஒருவருமில்லாத இடத்தில் நடந்த வேலை அது.

திருநின்றவூரும், சேக்கிழார் பிறந்த குன்றத்தூரும் இன்று ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழில் வட்டாரத்தின் அக்கம்பக்கத்து ஊர்கள். தொழிற்கூடம், கிடங்கு, தொழிலாளர் விடுதி என்று இங்கே கட்டுமானம் ஓய்வதில்லை. கண்காணிப்பும் ஓய்வதில்லை. பெங்களூருவை அடுத்த ஹொஸ்கோட்டேயிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வரை வரும் விரைவுச்சாலை சுமார் 262 கிலோமீட்டர். இதுபோன்ற நெடுஞ்சாலைத் திட்டங்களை மாதந்தோறும் ட்ரோனால் படம் பிடித்து, போன மாதப் படத்தோடு ஒப்பிடும்படி இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று தேசிய நெடுஞ்சாலை ஆணையம் 2021இல் கட்டாயமாக்கியது. பின்னாளில் வழக்கு எழுந்தால் அந்தப் படமே சாட்சி. ஒப்பந்ததாரர் சொல்வதா, அதிகாரி சொல்வதா என்ற பழைய இழுபறிக்கு இது உண்மையிலேயே நல்ல மருந்து.

ஆனால் மண் எவ்வளவு உயர்ந்தது, எத்தனை தூண் எழுந்தது என்பதைத்தான் ட்ரோன் காட்டும். தூணுக்குக் கம்பி கட்டி, பலகை அடைத்து, கான்கிரீட் போட்ட பிறகு உள்ளே இருப்பது மேலிருந்து தெரியாது. கம்பிக்கும் பலகைக்கும் நடுவே கவர் பிளாக் வைத்தார்களா? வைப்ரேட்டரை அடிவரை இறக்கினார்களா? பலகை பிரித்ததும் ஜல்லி தெரிந்த ஓட்டைகளைக் கலவை பூசி மறைத்தார்களா? சித்திரை வெயிலில் ஈரச் சாக்குச் சுற்றி எத்தனை நாள் தண்ணீர் விட்டார்கள்? கான்கிரீட்டுக்குள் புதைக்கும் வெப்ப சென்சார் கூட, தான் புதைந்த இடத்தின் சூட்டைத்தான் சொல்லும். மற்றதெல்லாம் கொத்தனாரின் கையிலும், பக்கத்தில் நிற்கும் சைட் இன்ஜினியரின் மனசாட்சியிலும் இருக்கிறது.

கண்ணுக்காக மட்டும் வேலை செய்யப் பழகினால் கண்ணை ஏமாற்றவும் பழகிவிடுகிறோம். ஊரக வேலை உறுதித் திட்டத்தில் 2023 ஜனவரி முதல், இடக்குறிப்போடு படம் எடுத்துச் செயலியில் வருகையைப் பதிவது கட்டாயமானது. வேலைக்குச் சம்பந்தமில்லாத படங்கள் ஏறுகின்றன, படத்தையே படம் பிடித்து ஏற்றுகிறார்கள் என்று 2025 ஜூலையில் ஒன்றிய ஊரக வளர்ச்சி அமைச்சகமே மாநிலங்களுக்கு எழுத நேர்ந்தது.

அப்படியானால் எப்படிப்பட்ட பார்வை மனிதனை நேர்மையாக வேலை செய்ய வைக்கும்? ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த வைணவ ஆசாரியர் இராமானுசரிடம் இதற்கு ஒரு வழி கிடைக்கிறது. அவருடைய இறைவன் வெளியே நின்று எட்டிப் பார்ப்பவன் அல்லன். ஒவ்வோர் உயிருக்குள்ளும் உறையும் அந்தர்யாமி. உயிர்களும் சடப்பொருள்களும் அவனுக்கு உடல். உடல் என்பதற்கு இராமானுசர் தரும் இலக்கணம் முக்கியமானது: ஓர் உயிர் எதைத் தாங்குகிறதோ, எதை ஆள்கிறதோ, எது அந்த உயிருக்காகவே இருக்கிறதோ அதுவே அதன் உடல். அங்கே ஆள்வதும் தாங்குவதும் பிரிவதில்லை. கட்டுமானத் தளத்தைத் தொலைவிலிருந்து கேமராவில் பார்க்கும் கண்காணிப்பு அறையில் அவை பிரிந்துவிடுகின்றன. அங்கிருப்பவரால் தளத்தைப் பார்க்க முடியும், உத்தரவும் போட முடியும். சாரம் சரிந்தால் அதன் பாரம் அவர்மேல் விழாது. உடலின் குற்றங்கள் இறைவனைத் தீண்டா என்று இராமானுசர் சொல்வது உண்மை. அந்தச் சலுகையைத் திரைக்கு முன்னால் அமர்ந்திருக்கும் மனிதர் எடுத்துக்கொள்ள முடியாது.

பாரம் யார்மேல் விழுகிறது என்பதை இந்த வட்டாரமே கண்டிருக்கிறது. 2014 ஜூன் 28 மாலை, மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் இடிந்து 61 பேர் இறந்தார்கள். இடம் சென்னையிலிருந்து குன்றத்தூருக்குப் போகும் வழியில்தான். திட்ட அனுமதி பெற்ற கட்டடம் அது. இறந்தவர்களில் பெரும்பாலோர் பிழைப்புக்காக வெளியூர்களிலிருந்து வந்த கூலித் தொழிலாளர்கள்.

கேமரா வேண்டாம் என்பதல்ல வாதம். இடுப்புக் கயிறு இல்லாமல் உயரத்தில் ஏறும் சித்தாளைத் தொலைவிலிருந்து கண்டு, ஒரே போனில் வேலையை நிறுத்த முடியுமென்றால் அந்தக் கேமரா புண்ணியம் செய்கிறது. அதற்கு, பார்ப்பவர் இன்னார் என்று ஒப்பந்தத்தில் பெயர் இருக்க வேண்டும். நிறுத்தும் அதிகாரமும், நிறுத்தாமல் விட்டால் பதில் சொல்லும் கடமையும் அவருக்கே இருக்க வேண்டும். அடித்தளத்துக்கும் தூணுக்கும் கான்கிரீட் போடும் நாளில் அவர் திரையை விட்டு எழுந்து, ஒரகடம் வெயிலில் அந்தப் பலகையின் பக்கத்தில் நிற்க வேண்டும்.