கணக்கும் வாக்கும்: உள்ளாட்சிப் பொறுப்புடைமை குறித்த ஓர் அறவியல் நோக்கு

தில்லித் தமிழர்க்கு லோதி ரோடு பழகிய பெயர். நடுவண் அரசுப் பணிக்கெனத் தலைநகர் வந்த தமிழ்க் குடும்பங்கள் பல லோதி காலனியின் அரசுக் குடியிருப்புகளில் வாழ்ந்துள்ளன. தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகளுள் ஒன்று லோதி எஸ்டேட்டில் உள்ளது. சிக்கந்தர் லோதியின் கல்லறை அமைந்த பூங்காவில் தொடங்கிக் கிழக்கே நடப்பவர் பன்னாட்டு நிறுவனங்களின் அலுவலகங்களையும், வானிலை ஆய்வுத் துறையின் தலைமையகத்தையும், சி.பி.ஐ. தலைமையகம் அமைந்த அரசு வளாகத்தையும் காணலாம். ஆட்சியைக் கண்காணிப்போரும் ஆட்சிக்கு அறிவுரை கூறுவோரும் இவ்வளவு நெருக்கமாக அமர்ந்துள்ள சாலை நாட்டில் வேறு உண்டா என்பது ஐயமே. எனினும் இச்சாலையை ஒட்டி வாழ்வோருட் பெரும்பாலோர்க்கு ஓர் உரிமை இல்லை. தங்கள் தெருவைப் பெருக்கித் தங்களுக்குக் குடிநீரும் மின்சாரமும் வழங்கும் உள்ளாட்சி மன்றத்திற்கு ஓர் உறுப்பினரைத் தேர்ந்தெடுக்க அவர்களால் இயலாது.

இப்பகுதியை ஆள்வது புது தில்லி நகராட்சி மன்றம். 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த இம்மன்றத்திற்கு நேரடித் தேர்தல் கிடையாது. நடுவண் அரசின் உயர் அலுவலர் ஒருவர் தலைவராக அமர்த்தப்படுகிறார். அப்பகுதியின் மக்களவை உறுப்பினரும் சட்டப் பேரவை உறுப்பினர்களும் மன்றத்தில் இடம்பெறுகின்றனர் என்பது உண்மையே. ஆனால் அவர்கள் வேறு அவைகளுக்கென, வேறு வினாக்களை முன்னிறுத்தித் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். சற்றுத் தொலைவிலுள்ள ஜங்புராவில் வாழ்பவர் தில்லி மாநகராட்சிக்கு வாக்களிக்கிறார். 2022 டிசம்பர் 4ஆம் நாள் 250 வார்டுகளுக்கு நடைபெற்ற தேர்தலில் அவர் பங்குகொண்டார். லோதி காலனியில் வாழ்பவர் அன்று வீட்டில் இருந்தார்.

இவ்வேறுபாடு இரு வினாக்களை எழுப்புகிறது. வாக்கு இல்லாதவர் எந்த அடிப்படையில் கணக்குக் கேட்பது என்பது ஒன்று. கணக்கை அறியாமல் வாக்களிப்பவரின் வாக்கு எத்தகையது என்பது மற்றொன்று. இவை ஒன்றையொன்று சார்ந்தவை என்பதே இக்கட்டுரையின் துணிபு.

பொறுப்புடைமை குறித்த இன்றைய சிந்தனை பெரும்பாலும் தேர்தலிலிருந்தே தொடங்குகிறது. குடிமக்கள் பேராளரைத் தேர்கின்றனர். பேராளர் அலுவலரை வினவுகிறார். அலுவலர் கணக்குக் காட்டுகிறார். உலக வங்கி தன் 2004ஆம் ஆண்டு வளர்ச்சி அறிக்கையில் இதனை நெடுவழி என்றும், குடிமக்கள் அலுவலரையே நேரில் வினவுவதைக் குறுவழி என்றும் பகுத்துக் கூறியது. அவ்வங்கியின் தில்லி அலுவலகம் நெடுங்காலம் லோதி எஸ்டேட்டிலேயே இயங்கியது என்பதும், அதன் வாயிலில் உள்ள சாலையைப் பொறுத்தவரை அந்த நெடுவழி முதற்படியிலேயே அறுந்திருந்தது என்பதும் சுவையான முரண்.

தேர்தலே கணக்குக் கேட்கும் உரிமையின் பிறப்பிடம் எனக் கொண்டால், தேர்தல் இல்லாத இடத்தில் அவ்வுரிமையும் இல்லாது போதல் வேண்டும். வரி செலுத்துவதே பிறப்பிடம் எனின், நேர்வரி செலுத்தாத ஏழைக்கும் குழந்தைக்கும் அது இல்லை என்றாகும். இவ்விரண்டையும் அறவுணர்வு ஏற்பதில்லை. பிறர் பொருளைக் கையில் ஏற்றவர், ஏற்றதனாலேயே விடைகூறக் கடமைப்பட்டவர் ஆகிறார். அக்கடமை எவரால் அமர்த்தப்பட்டார் என்பதைப் பொறுத்தன்று. எவர் பொருட்டு ஏற்றார் என்பதைப் பொறுத்தது.

சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதை ஈண்டுக் கருதத்தக்கது. கண்ணகி பாண்டியன் குடியல்லள், புகாரிலிருந்து வந்தவள். நீ யார் என அரசன் வினவுகிறான். ஆனால் வேற்று நாட்டவளுக்கு விடைகூற வேண்டுவதில்லை என அவன் கூறவில்லை. தன் செயல் முறையானதே என வாதிடுகிறான். பின்னர்ச் சிலம்பைத் தருவித்து அவள்முன் வைக்கிறான். அனைவரும் காண அது உடைபடுகிறது. அங்கு வழக்கு உயிரைப் பற்றியது, பொருட்செலவைப் பற்றியதன்று என்பது மெய்யே. ஆயினும், கேட்பவரின் தகுதியை ஆராய்வதற்கு முன் சான்றினை அவையில் வைப்பது ஆள்வோன் கடன் என்னும் கருத்தைக் காப்பியம் தெளிவாகவே ஏற்றுள்ளது எனலாம்.

உத்திரமேரூரின் வரிசைமுறை

முதற் பராந்தக சோழனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுகளைச் சார்ந்த (கி.பி. 919, 921) உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் மேடைகளில் மிகுதியும் போற்றப்படுபவை. குடவோலையை முன்னிறுத்திப் பழந்தமிழ் மக்களாட்சி எனப் பெருமிதம் கொள்வது வழக்கமாகிவிட்டது. அது மிகைக்கூற்று. அச்சபை பிரமதேய ஊரின் சபை. நிலமும் சொந்த மனையும் வேதக் கல்வியும் உடைய ஆடவர்க்கே அதில் இடம். உழுதோர்க்கும் பெண்டிர்க்கும் அங்கு ஓலை இல்லை.

இக்கல்வெட்டுகளின் உண்மையான சிறப்பு குடத்தில் இல்லை. குடத்தில் எவர் பெயரை இடலாகாது என்னும் பட்டியலில் உள்ளது. முன்னர் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயர் குடத்தில் இடப்படுவதற்கே தகுதியற்றது. அவருடைய தாய்வழி, தந்தைவழி, மனைவிவழி உறவினர் பலரும் அவ்வாறே விலக்கப்படுகின்றனர். வாரியத்தின் பதவிக்காலம் 360 நாள் என்பதால், கணக்கு முடிக்கும் கடமையும் ஆண்டுதோறும் வந்து நின்றது.

உறவினரை விலக்குவது இன்றைய நீதியுணர்வுக்கு ஒவ்வாது. ஒருவர் பிழைக்கு மற்றொருவரைத் தண்டித்தல் முறையன்று. எனினும் மனைவி பெயரில் கணவன் ஊராட்சியை நடத்தும் காட்சியைக் கண்டவர்கள், அவ்விதியை வகுத்தோர் எதற்கு அஞ்சினர் என்பதை எளிதில் உணர்வர். விதியின் கடுமையை ஏற்க வேண்டுவதில்லை. அதன் வரிசைமுறை கவனத்திற்குரியது. அங்குக் கணக்கு முதலில் வருகிறது. தேர்வு அதன் பின்னரே நிகழ்கிறது.

இன்றைய சட்டத்தில் இவ்வரிசை வேறாக உள்ளது. 2002, 2003ஆம் ஆண்டுகளின் உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளின் வழி, வேட்பாளர் தம் சொத்து, கடன், குற்ற வழக்கு ஆகியவற்றை உறுதிமொழி ஆவணத்தில் வெளியிடுகிறார். 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின்படி, தேர்தல் செலவுக் கணக்கை முறைப்படி அளிக்கத் தவறியவரை மூன்றாண்டுகள் தகுதிநீக்கம் செய்யலாம். தம் பணத்தைத் தேர்தலில் எவ்வாறு செலவிட்டார் என்று கேட்கும் சட்டம், பதவியில் இருந்தபோது ஊர்ப் பணத்தை எவ்வாறு செலவிட்டார் என்னும் கணக்கை மறுதேர்தலுக்கு முன் வாக்காளர்முன் வைக்குமாறு கேட்பதில்லை. தேர்தல் நன்னடத்தை விதிகள் புதிய திட்டங்களின் அறிவிப்பைத் தடுக்கின்றன. பழைய திட்டங்களின் கணக்கைக் கோருவதில்லை.

ஒரே பட்டியல், இரு விடைகள்

கணக்கில் பிழை கண்டவிடத்து என் செய்வது என்பதற்கு அண்மைக்கால வரலாறு இரு விடைகளைத் தருகிறது. இரண்டிலும் மையமாக இருப்பது ஒரே ஆவணம்: மஸ்டர் ரோல் எனப்படும் கூலிப் பட்டியல்.

முதலாவது சென்னை. மாநகராட்சியின் கூலிப் பட்டியல்களில் இல்லாத தொழிலாளர்க்கு ஊதியம் வழங்கப்பட்டதாக எழுந்த ஊழலைத் தொடர்ந்து 1973இல் மாமன்றம் கலைக்கப்பட்டது. கலைத்ததற்குக் காரணம் இருந்தது. ஆனால் அடுத்த மாநகராட்சித் தேர்தல் நடைபெற்றது 1996இல். இடைப்பட்ட 23 ஆண்டுகள், வெவ்வேறு கட்சிகளின் ஆட்சிகளில், சென்னை மக்கள் தனி அலுவலர்களால் ஆளப்பட்டனர். திருடியவர் சிலர், உரிமை இழந்தவர் நகரத்தார் அனைவரும். அந்த 23 ஆண்டுகளின் கணக்கை எவரிடம் கேட்பது என்னும் வினா எழவே இல்லை.

1993இல் நடைமுறைக்கு வந்த 73, 74ஆம் அரசியலமைப்புத் திருத்தங்கள் ஐந்தாண்டுக்கு ஒருமுறை உள்ளாட்சித் தேர்தலைக் கட்டாயமாக்கிய பின்னும் இந்நிலை முற்றாக மாறவில்லை. தமிழகத்தில் 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு 2022 பிப்ரவரியில்தான் தேர்தல் நடைபெற்றது. 2019 டிசம்பரில் தேர்தல் கண்ட ஊரக உள்ளாட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5இல் முடிந்தபோது மீண்டும் தனி அலுவலர்களே பொறுப்பேற்றனர். அத்தகைய காலங்களில் சென்னையும் லோதி ரோடும் ஒன்றாகிவிடுகின்றன.

இரண்டாவது விடை இராசத்தானிலிருந்து வந்தது. மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் 1994 டிசம்பரில் கோட் கிரானா என்னும் ஊரில் நடத்திய மக்கள் விசாரணையில், ஊராட்சிப் பணிகளின் பட்டியல்கள் ஊரார்முன் உரக்கப் படிக்கப்பட்டன. பாமரர்க்குக் கணக்குப் புரியாது என்னும் பழைய வாதம் அங்கு வலுவிழந்தது. எழுத்தறியாதவரும் தம் பக்கத்து வீட்டார் வேலைக்குச் சென்றாரா இல்லையா என்பதை அறிவர். அவ்வறிவு எந்தத் தணிக்கையாளருக்கும் இல்லை. இங்கு மன்றம் கலைக்கப்படவில்லை. பட்டியல் திறக்கப்பட்டது.

தில்லியில் இம்முறையைக் கையாண்டது பரிவர்த்தன் அமைப்பு. தமிழகம் 1997இல் நாட்டிலேயே முதன்முதலாகத் தகவல் உரிமைச் சட்டம் இயற்றியது. விதிவிலக்குகள் மிகுந்திருந்தமையால் அது பயன் தரவில்லை. தில்லியின் 2001ஆம் ஆண்டுச் சட்டம் ஓரளவு பயன் தந்தது. அதன்வழி மாநகராட்சிப் பணி ஒப்பந்தங்களின் படிகளைப் பெற்ற பரிவர்த்தன், 2002 டிசம்பரில் சுந்தர் நகரியில் மக்கள் விசாரணை நடத்தியது. ஆய்வுக்குட்பட்ட ஏறத்தாழ 1 கோடியே 30 லட்சம் ரூபாய்ப் பணிகளில் 70 லட்சம் ரூபாய் அளவிலானவை களத்தில் காணப்படவில்லை என அவ்வமைப்பு கூறியது. அதனை வழிநடத்தியவர் அரவிந்த் கெஜ்ரிவால்.

இவ்வரலாற்றின் பிற்பகுதி அறவியல் நோக்கில் இன்னும் முக்கியமானது. அவர் தொடங்கிய கட்சி தில்லியை ஆண்ட காலத்தின் இறுதியில், தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் 14 அறிக்கைகள் சட்டப் பேரவையில் வைக்கப்படாமல் நின்றன. 2025 ஜனவரியில் தில்லி உயர் நீதிமன்றம் காலத்தாழ்வைச் சுட்டிக் குறைகூறியது. ஆயினும் பேரவையைக் கூட்டுமாறு ஆணையிட மறுத்தது. பிப்ரவரி 5இல் தேர்தல் முடிந்து ஆட்சி மாறிய பின், பிப்ரவரி 25இல் முதல் அறிக்கை அவைக்கு வந்தது.

தேர்தலை ஒட்டி வெளிவரும் கணக்கு கட்சிப் போருக்கு ஆயுதமாகும் எனச் சிலர் கூறுவர். அதில் உண்மை உண்டு. ஆனால் ஆண்டுதோறும் வெளிவந்திருப்பின் அவ்வறிக்கைகள் ஆயுதமாகியிரா. தேக்கமே அவற்றைக் கூராக்கியது. முன்னவர் கணக்கை வெளியிடுவது பின்னவர்க்கு எளிது என்பதும் மறக்கற்பாலதன்று. புதிய அரசு தன் கணக்கை அடுத்த தேர்தலுக்கு முன் அவையில் வைக்குமா என்பது இனிக் காணவேண்டியது. கேட்கும் இடத்தில் இருந்தபோது ஒருவர் கொண்ட அறம், கொடுக்கும் இடத்திற்கு வந்தபின் தானே உடன்வருவதில்லை. அதனால்தான் உத்திரமேரூர்ச் சபையார் அதனை வாரியத்தாரின் நல்லெண்ணத்திற்கு விடாமல் கல்லில் வெட்டினர் போலும்.

2025 பிப்ரவரி 5ஆம் நாள் லோதி ரோட்டாரும் பேரவைக்கு வாக்களித்தனர். அவர்கள் படித்திருக்க வேண்டிய முதல் அறிக்கைக்கு இன்னும் 20 நாள் இருந்தது. அவர்கள் தெருவின் மன்றத்திற்கோ அப்படியொரு வாக்குநாளே இல்லை. தகவல் கோரும் மனு ஒன்றை எழுதி அஞ்சலில் சேர்க்கும் நாள் மட்டும் உண்டு.