உறை தைத்த கை

கத்தியைப் புகழ்ந்தவர் பலர்; அதன் உறையைப் புகழ்ந்தவர் சிலர்; உறையைத் தைத்த கையைப் புகழ்ந்தவரோ மிகமிகச் சிலர். ஒரு பொருளின் அழகைக் கொண்டாடிக்கொண்டே அதைச் செய்தவனை இழிவென்று ஒதுக்கிவைப்பது என்ன நியாயம் என்னும் கேள்வி இதனுள் அடங்கியிருக்கிறது. அதனை நாம் சற்று ஆராய்வோம்.

கோலசிலாங்கூர், ஜெராம், சுங்கை செம்பிலாங், புக்கிட் ரோத்தான் வட்டாரத் தோட்டங்களில் உழைத்த நம் மக்களுக்குக் கத்தி புதிய பொருளன்று. ரப்பர்க் காலத்தில் பால்வெட்டும் கத்தி. செம்பனை வந்தபின் நீண்ட கழியின் நுனியில் பூட்டிய அரிவாள். புல்லுக்கும் புதருக்கும் பாராங் கத்தி. கூர்மையைக் காக்கவும் உடம்பைக் காக்கவும் இவற்றுக்கு உறை வேண்டும். பழைய ரப்பர்க் குழாயைப் பிளந்து அலகின்மேல் செருகினாலும் காரியம் முடிந்துவிடும். அப்படியிருக்க அலங்காரம் எதற்கு, உழைப்பாளிக்கு அது வீண் ஆடம்பரமல்லவா என்பாரும் உண்டு. நாம் அவ்வாறு கருதவில்லை. தன் கருவியை அழகு செய்துகொள்பவன், தான் கூலிக்கு இயங்கும் யந்திரமல்லன், ரசிக்கத் தெரிந்த மனிதன் என்பதை உலகுக்கு அறிவிக்கிறான்.

ஜப்பானியப் பாணிக் கோலங்களைப் பதித்துத் தோலுறை செய்யும் கைவேலை இன்று பல நாடுகளில் விருப்பத்தோடு பயிலப்படுகிறது. மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட தடித்த தோலைக் கத்தியின் அளவுக்கு வெட்டுவர். நீரில் நனைத்து இளக்கி, அடுக்கடுக்கான கடலலைகளையோ சணல் இலையைப் போன்ற நட்சத்திரக் கோலத்தையோ அதில் தட்டிப் பதிப்பர். பின், மெழுகிட்ட நூலின் இரு முனைகளிலும் ஊசி கோத்து, ஒரே துளையின் வழியே எதிரெதிராக இழுத்துத் தைப்பர். இதில் நாம் கவனிக்கத் தக்கது ஒன்றுண்டு. கத்தியின் கூர்வாய் தொடும் ஓரத்தில், இரு தோல்களுக்கும் இடையே, ஒரு குறுகிய தோற்பட்டையை வைத்தே தைப்பார்கள். கூர் நூலை அறுத்துவிடாமல் வெட்டையெல்லாம் தாங்குவது அந்த நடுப்பட்டையே. மேலேயுள்ள அலைக் கோலத்தை வியப்பவர் கண்ணுக்கு அது தென்படுவதில்லை.

சமூகத்திலும் இத்தகைய நடுப்பட்டை உண்டு. ஜப்பானையே எடுத்துக்கொள்வோம். அந்நாட்டு வீரர்களின் வாளுறை பெரும்பாலும் மரத்தாலானது, அரக்குப் பூசியது. ஆனால் கவசத்துக்கும் குதிரைச் சேணத்துக்கும் தோல் இன்றி முடியாது. அத்தோலைப் பதனிட்டவர் யார்? ‘எத்தா’ என்று இழித்துரைக்கப்பட்டு, ஊருக்குப் புறம்பே குடிவைக்கப்பட்ட மக்கள். செத்த விலங்கைத் தொடுவது தீட்டென்று விதித்தவர்களே, அதன் தோலை மார்பில் அணிந்துகொண்டு வீரம் பேசினார்கள்! 1871-இல் அரசாணை ஒன்று அவ்விழிபெயரை ஒழித்தது, இழிவோ ஒழியவில்லை. 1922 மார்ச் 3-ஆம் நாள் அம்மக்களே கியோத்தோ நகரில் கூடி, ‘சுய்ஹெய்ஷா’ என்னும் சமத்துவச் சங்கத்தை நிறுவிக்கொள்ள வேண்டியதாயிற்று.

இது நாம் அறியாத கதையா? தமிழ்நாட்டில் ஆவாரம்பட்டையிட்டுத் தோல் பதனிட்டவரும், செருப்புத் தைத்தவரும், கமலைக்குத் தோற்பை செய்து கொடுத்தவரும் என்ன நிலையில் வைக்கப்பட்டனர்? அவர்கள் தைத்த பையால் இறைத்த நீர் ஊரார் வயலுக்கெல்லாம் பாய்ந்தது; ஊர்க்கிணற்றில் ஒரு குடம் மொள்ள அவர்களுக்கு உரிமையில்லை. கடல் கடந்து வந்தும் அவ்வழக்கம் நம்மை விடவில்லை. முன்னாளில் தோட்டத்து லயங்களிலும் தாழ்த்தப்பட்டோருக்கென்று தனி வரிசைகள் இருந்தன. பால்மரம் எவன் கையையும் பார்த்துச் சாதி கேட்டதில்லை, மனிதன்தான் கேட்டான்.

“அதெல்லாம் சரி, ஜப்பானிய வேலைப்பாட்டை நாம் எப்படி விரும்புவது?” என்று ஒருவர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. 1941 டிசம்பரில் மலாயாவில் வந்திறங்கிய படையின் அதிகாரிகள் இடுப்பிலும் வாள் தொங்கிற்று. போர்க்களத்தில் அதன் இரும்புறைக்கு மேல் தோலுறையும் போட்டிருந்தார்கள். 1942, 1943-ஆம் ஆண்டுகளில் சயாம்-பர்மா ரயில் பாதைக்கு நம் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் பேர் கொண்டுபோகப்பட்டனர். காலராவும் பசியும் அடியும் தின்றதுபோக மீண்டவர்களையும், மீளாதவர்களையும் மறந்துவிடச் சொல்ல எவருக்கும் உரிமையில்லை.

எனினும் குற்றத்தைச் சரியான இடத்தில் வைக்க வேண்டும். அது வாளை ஏந்தியவனுடையது. அதைவிட அவனை ஏவியவனுடையது. உறை செய்தவனுக்குப் பொறுப்பே இல்லையா எனின், உண்டு. ஆனால் மறுக்கும் சுதந்திரம் எவ்வளவோ அவ்வளவே பொறுப்பு. பிறப்பைக் காட்டித் தொழிலைச் சுமத்தி, சுமந்தவனையே தீண்டத்தகாதவன் என்ற சமூகம், அவனிடம் கணக்குக் கேட்கும் தகுதியை இழந்துவிட்டது. கடலலைக் கோலமோ எந்தப் படையின் சொத்தும் அன்று.

இன்று வசதியுள்ள ஒருவர் ஓய்வு நேரத்தில் தோலுறை தைத்தால் அதைக் கலை என்கிறோம்; மகிழ்ச்சி. அதே தோலை, அதே ஊசியால், வயிற்றுப்பாட்டுக்காகத் தெருவோரத்தில் தைப்பவரை மட்டும் ஏன் வேறு கண்ணால் பார்க்கிறோம்? பொருளில் வேற்றுமை இல்லை. கையில் வேற்றுமை இல்லை. வேற்றுமை நம் பார்வையில் இருக்கிறது. 1950-இல் நடைமுறைக்கு வந்த இந்திய அரசியல் சட்டம் தீண்டாமையைக் குற்றமாக்கிற்று. பார்வையைத் திருத்திக்கொள்வது நம்மைத் தவிர வேறு யாராலும் ஆகாது.

கைவினைஞர் அறிந்த மற்றோர் உண்மையையும் இங்கே சொல்லிவைப்போம். நம் நாட்டு ஈரக் காற்றில் கத்தியை நெடுநாள் தோலுறைக்குள்ளேயே வைத்திருந்தால் தோலில் பூஞ்சணம் பூக்கும், அலகில் துருவேறும். உறை அழகாயிருக்கிறதென்று உள்ளேயிருப்பதைப் பாராமல் விடலாகாது. அவ்வப்போது வெளியே உருவித் துடைக்க வேண்டும். பண்டைப் பெருமை என்னும் அழகிய உறைக்குள் நாம் வைத்திருப்பவற்றுக்கும் இது பொருந்தும். உருவிப் பார்ப்போம், துருவைத் துடைப்போம், உறை தைத்த கைக்கு உரிய மதிப்பையும் உரிய கூலியையும் தயங்காமல் கொடுப்போம்.